ஒரே டேக், இரண்டு சேஞ்ச்லாக்: கிட் வரலாற்றிலிருந்து உருவாக்கும்போது நேர்ந்தவை

தொடக்கப் பதிவு

மென்பொருள் வெளியீட்டின்போது, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டின் வரலாற்றிலிருந்து சேஞ்ச்லாக் (மாற்றங்களின் பட்டியல்) கோப்பைத் தானாக உருவாக்குபவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அந்தக் கோப்பை எந்தக் கணினியில், எந்த நாளில் உருவாக்கினாலும் கடைசி பைட் வரை ஒன்றாகவே வருகிறதா என்று சோதித்தவர்கள், தங்களுக்கு நேர்ந்ததை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் குழுவில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு லினக்ஸ் தொகுப்பை இரண்டு தனித்தனி பில்டு கணினிகளில் கட்டி, இரண்டின் ஷா-256 மதிப்பும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) ஒத்துப்போனால் மட்டுமே கையொப்பமிடுவது என்று முடிவு செய்திருந்தோம். நிரல் கோப்புகள் அனைத்தும் ஒத்துப்போயின. ஆயினும் தொகுப்பின் மதிப்பு ஒவ்வொரு முறையும் வேறுபட்டது. டிஃபோஸ்கோப் கருவியிடம் இரண்டு தொகுப்புகளையும் கொடுத்தபோது, அது அவற்றைப் பிரித்து, உள்ளே சுருக்கி வைக்கப்பட்டிருந்த சேஞ்ச்லாக்கையும் விரித்து, வேறுபடும் வரிகளை அடுத்தடுத்துக் காட்டியது. ஒன்றில் ஒவ்வொரு வரியும், கமிட்டை (கிட்டில் பதிந்த ஒரு மாற்றத்தை) அடையாளம் காட்டும் ஏழு எழுத்து ஹேஷுடன் தொடங்கியது. மற்றொன்றில் அதே கமிட்டுக்கு ஒன்பது எழுத்து ஹேஷ் இருந்தது. செய்தி, பெயர், தேதி ஆகியவற்றில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

காரணம் இதுதான்: 2016 இல் வெளியான கிட் 2.11 முதல், சுருக்க ஹேஷின் நீளம், நாம் வேறு அளவைக் குறிப்பிடாத வரை, அந்தக் களஞ்சியத்தில் எத்தனை ஆப்ஜெக்டுகள் (கிட் சேமிக்கும் கமிட், கோப்பு போன்ற தனித்தனி உருப்படிகள்) உள்ளன என்பதைத் தோராயமாகக் கணித்துத் தீர்மானிக்கப்படுகிறது. ஒரு கணினியில் பல ஆண்டுகளின் கிளைகள் சேர்ந்த பழைய குளோன் (களஞ்சியத்தின் நகல்) இருந்தது. மற்றொன்று வெளியீட்டுக் கிளையை மட்டும் புதிதாக எடுத்துவந்தது. ஆகவே ஒரே கமிட் இரண்டு இடங்களில் இரண்டு நீளத்தில் எழுதப்பட்டது. சுருக்க நீளத்தை நாமே 12 என்று கொடுத்தாலும் அது முழுத் தீர்வாகாது. ஏனெனில் அந்த 12 எழுத்துகள் இன்னோர் ஆப்ஜெக்டுடன் குழம்பும் நிலை வந்தால் கிட் அதை நீட்டிவிடும். அதனால் முழு ஹேஷைக் கேட்டு வாங்கி, எங்கள் ஸ்கிரிப்டிலேயே முதல் 12 எழுத்துகளை வெட்டி எடுக்கிறோம். லினக்ஸ் கெர்னலில் ஒரு பழைய கமிட்டைத் திருத்துவதாகக் குறிப்பிடும்போது குறைந்தது 12 எழுத்துகள் கேட்கப்படுவதால், வாசிப்பவர்களுக்கும் அந்த நீளம் பழகியதே.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். கிட் லாக் வெளியீடு, அதை இயக்குபவரின் தனிப்பட்ட கட்டமைப்புக் கோப்பையும் பொறுத்தது. ஒருவர் கையொப்பச் சரிபார்ப்பைக் காட்டும்படி அமைத்திருந்தால், அந்த வரிகளும் சேஞ்ச்லாக்கில் வந்து சேரும். எனவே பில்டின்போது பயனரின் கட்டமைப்பையும் கணினியின் பொதுக் கட்டமைப்பையும் படிக்காதவாறு சூழல் மாறிகளை அமைத்துவிட வேண்டும்.

மறுமொழி: சிஐ (தானியங்கிக் கட்டுதல், சோதனை) பணிகளைக் கவனிப்பவர்

எங்களுக்கு நேர்ந்தது இதைவிட அமைதியாக நடந்ததால், அதிகக் கவலையைத் தந்தது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் பலரும் பயன்படுத்தும் செக்அவுட் (களஞ்சியத்தை எடுத்துவரும் படி), நாம் வேறு சொல்லாவிட்டால், ஒரே ஒரு கமிட்டை மட்டுமே எடுத்துவருகிறது. முந்தைய டேக்குகளும் (வெளியீடுகளைக் குறிக்கும் அடையாளப் பெயர்களும்) வருவதில்லை. முந்தைய டேக் கிடைக்காவிட்டால் அது முதல் வெளியீடு என்று கருதிக்கொள்ளும்படி எங்கள் ஸ்கிரிப்ட் எழுதப்பட்டிருந்தது. ஆகவே பில்டு பச்சை விளக்குடன் முடிந்தது. சேஞ்ச்லாக்கில் மட்டும் ஒரே ஒரு வரி இருந்தது. அதே டேக்கை மடிக்கணினியில் கட்டியவருக்கு முழுப் பட்டியல் கிடைத்தது.

களஞ்சியம் ஷாலோ குளோனா (முழு வரலாறு இல்லாத நகலா) என்று கேட்டால் கிட் ரெவ்-பார்ஸ் ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடும். அந்தக் கேள்வியை ஸ்கிரிப்டின் முதல் வரியில் வைத்து, ஆம் என்றால் பில்டையே நிறுத்திவிடுவதுதான் முறை. குறைந்த வரலாற்றுடன் எப்படியாவது சமாளிக்கும் ஸ்கிரிப்டை நான் இனி எந்தத் திட்டத்திலும் ஏற்கமாட்டேன்.

பங்களித்தோர் பெயர்களை அகர வரிசையில் அடுக்குபவர்கள் லொக்கேலையும் (கணினியின் மொழி, வட்டார அமைப்பையும்) கவனிக்க வேண்டும். சி லொக்கேலில் பெரிய எழுத்துகள் அனைத்தும் சிறிய எழுத்துகளுக்கு முன் வரும். ஆங்கில லொக்கேல் அமைந்த மடிக்கணினியில் இரண்டும் கலந்து வரும்.

மறுமொழி: டெபியன் தொகுப்புகளைப் பராமரிப்பவர்

என் அனுபவம் நேரம் பற்றியது. சேஞ்ச்லாக்கின் தலைப்பில் வெளியீட்டுத் தேதியைப் போடுவதற்கு, கணினியின் இன்றைய தேதியைக் கேட்பதே பலரும் முதலில் செய்வது. அடுத்த வாரம் அதே மூலத்தைக் கட்டினால் கோப்பு மாறிவிடும். ரீப்ரொட்யூசிபிள் பில்ட்ஸ் திட்டத்தினர் 2015 இல் வகுத்த ‘சோர்ஸ் டேட் எப்போக்’ என்ற சூழல் மாறி இதற்காகவே உள்ளது. 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளை அது ஓர் எண்ணாகத் தாங்கியிருக்கும். எந்தக் கருவிக்குத் தேதி தேவைப்பட்டாலும் கடிகாரத்தைப் பார்க்காமல் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். டெபியனில் சேஞ்ச்லாக்கின் மேல் பதிவில் உள்ள தேதியிலிருந்தே இந்த எண் அமைக்கப்படுகிறது. அதாவது அங்கே சேஞ்ச்லாக்கின் தேதி தவறினால், அந்தத் தேதியைப் பயன்படுத்தும் மற்ற எல்லாக் கோப்புகளும் தவறும். கிட்டிலிருந்து நேரடியாகக் கட்டுபவர்கள் டேக் குறிக்கும் கமிட்டின் நேரத்தை அந்த மாறியில் வைக்கலாம்.

நேர மண்டலமும் இதோடு சேர்ந்தது. இந்திய நேரப்படி மார்ச் 5 நள்ளிரவு 12.20 மணிக்குச் செய்த கமிட், யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் மார்ச் 4 மாலை 6.50 ஆகும். கமிட்டோடு பதிந்துள்ள மண்டலத்தின்படி தேதியை எழுதினால் எங்கும் மார்ச் 5 தான் வரும்; கட்டும் கணினியின் மண்டலத்துக்கு மாற்றி எழுதச் சொன்னால், யுடிசியில் ஓடும் சர்வர் மார்ச் 4 என்றும் நம் மடிக்கணினி மார்ச் 5 என்றும் எழுதும். எல்லாவற்றையும் யுடிசியில் எழுதுவதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. பல நாட்டவர் பங்களிக்கும் திட்டத்தில் தேதிகள் முன்பின்னாகத் தோன்றுவது அதனால் குறையும்.

உரை முழுவதும் ஒன்றாக இருந்தும் சுருக்கிய கோப்பு வேறுபட்டால், சுருக்கும் கருவியான ஜிஜிப்பின் தலைப்பகுதியைப் பாருங்கள். மூலக் கோப்பின் பெயரையும் மாற்ற நேரத்தையும் அது அங்கே எழுதிவைக்கும். சிறிய ‘என்’ தேர்வைச் சேர்த்தால் இரண்டையும் விட்டுவிடும்.

மறுமொழி: நூலகம் ஒன்றின் பராமரிப்பாளர்

டேக் இட்டு வெளியிட்ட பிறகு, ஒரு கமிட் செய்தியில் தவறான பிழை எண் இருப்பது தெரியவந்தது. வரலாற்றைத் திருத்தி எழுதினால் அதற்குப் பிந்தைய எல்லா ஹேஷுகளும் மாறும். அது நடக்கக் கூடாது. கிட் நோட்ஸில் (கமிட்டை மாற்றாமல் அதனுடன் இணைக்கும் குறிப்புகளில்) திருத்தத்தை எழுதலாம் என்று ஒருவர் சொன்னார். ஆனால் நோட்ஸ் வழக்கமான குளோனில் வருவதில்லை என்பதால், அதை வைத்திருப்பவரின் கணினியில் ஒரு சேஞ்ச்லாக்கும் மற்றவர்களிடம் வேறொன்றும் உருவாகும். குனு திட்டங்கள் பயன்படுத்தும் ‘கிட்லாக்-டு-சேஞ்ச்லாக்’ ஸ்கிரிப்ட் இதற்கு நல்ல வழியை வைத்திருக்கிறது. எந்தக் கமிட்டின் செய்தியில் எதை மாற்ற வேண்டும் என்று ஒரு திருத்தக் கோப்பில் எழுதி, அந்தக் கோப்பையும் களஞ்சியத்திலேயே வைத்துக்கொள்ளலாம். பழைய டேக்கிலிருந்து கட்டினால் பழைய பிழையுடனும், புதிய டேக்கிலிருந்து கட்டினால் திருத்தத்துடனும் வரும். நான் அதையே சரி என்று கருதுகிறேன்.

புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) தலைப்புகளை இணையம் வழியே கேட்டு வாங்கிச் சேர்க்கும் கருவிகளை நான் தவிர்க்கிறேன். அந்தத் தலைப்பை யாரேனும் நாளையே திருத்தலாம். ஹேஷ் அதைக் காக்காது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2024 மார்ச் 29 அன்று வெளிவந்த எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் பின்கதவை (ரகசிய நுழைவழியை) நினைவூட்டுகிறேன். அதை இயக்கிய எம்4 கோப்பு (கட்டும் படிகளுக்கான ஒரு கோப்பு) வெளியீட்டு டார் கோப்பில் (மூலக் கோப்புகளை ஒன்றாகச் சேர்த்த தொகுப்பில்) இருந்தது. கிட் களஞ்சியத்தில் அந்த வடிவில் இல்லை. உருவாக்கப்பட்ட கோப்புகள் பல இருப்பதால், டாரும் கிட்டும் வேறுபடுவது இயல்பே என்று எல்லோரும் பழகியிருந்தோம். சேஞ்ச்லாக்கை யாரும் மீண்டும் உருவாக்கி ஒப்பிட முடிந்தால், அப்படி விளக்கமின்றி நிற்கும் கோப்புகளில் ஒன்று குறையும்.

தொடக்கப் பதிவர்

அனைவருக்கும் நன்றி. ஷாலோ சோதனையைச் சேர்த்துவிட்டோம். நேர மண்டலத்தையும் லொக்கேலையும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்க்கும் ரீப்ரோடெஸ்டையும் வெளியீட்டுக்கு முன் ஓட்டுகிறோம். எஞ்சியிருந்தது பழைய டேக்குகளைக் கட்டும்போது பெயர்களில் வந்த வேறுபாடு. பங்களிப்பாளர்களின் பழைய பெயர்களையும் மின்னஞ்சல்களையும் புதியவற்றுடன் இணைக்கும் மெயில்மேப் கோப்பை, கிட் நாம் அப்போது திறந்துவைத்துள்ள பணி அடைவிலிருந்தே படிக்கிறது. முதன்மைக் கிளையில் நின்றுகொண்டு பழைய டேக்கின் சேஞ்ச்லாக்கைக் கேட்டால், பழைய பதிவுகளுக்குப் புதிய பெயர்கள் வரும். எனவே டேக்கை செக்அவுட் செய்த பிறகே ஸ்கிரிப்ட் ஓட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம்.