மறு: 'வெப்ப வரி' வேண்டாம், 'சூடேறு பட்டை' எப்படி?

அன்பின் நண்பர்களுக்கு,

இரண்டு நாளாக வந்த மடல்களை இப்போதுதான் ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன். ரெடிங் பல்கலைக்கழகக் காலநிலை அறிஞர் எட் ஹாக்கின்ஸ் 2018இல் வெளியிட்ட, ஆங்கிலத்தில் 'Warming Stripes' எனப்படும் அந்த நீலமும் சிவப்புமான படத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்பதுதான் கேள்வி. ஆண்டுக்கு ஒரு நிறம், இடமிருந்து வலம், எண்ணும் இல்லை, அச்சும் இல்லை. சராசரியைவிடக் குளிர்ந்த ஆண்டு நீலம், சூடான ஆண்டு சிவப்பு, வித்தியாசம் கூடக் கூட நிறமும் கடுமையாகும், அவ்வளவுதான். வெப்பநிலை அட்டவணையை முகநூலில் போட்டால் யாரும் நின்று பார்ப்பதில்லை, இதைப் பார்க்கிறார்கள். எண்ணே இல்லாத படம் என்பதால் அதோடு கூடப் போகிற ஒரே சொல் அதன் பெயர்தான், அது பிழைத்தால் எல்லாம் பிழைத்துவிடும்.

> வரிக்குதிரை, வரிப்புலி என்று ஏற்கெனவே இருக்கிறதே, 'வெப்ப வரி' என்றால் முடிந்தது.

மட்டக்களப்பு அக்கா எழுதிய இது எனக்கும் முதலில் பிடித்திருந்தது. அந்தத் தலைப்போடு இலங்கைக்கான படத்தை எங்கள் கழகப் பக்கத்தில் போன கிழமை போட்டேன். முதல் கருத்தே "இது எப்ப இருந்து அறவிடப் போறாங்கள்?" என்று வந்தது. கேட்டவர் பகிடிக்குக் கேட்கவில்லை. 2024 ஜனவரியில் வற் என்ற பெறுமதி சேர் வரி 18 சதவீதமான நாட்டில் வேறு எப்படி விளங்கும்? குதிரைக்கும் புலிக்கும் முன்னால் நிற்கும்போது மட்டும்தான் வரி கோடாக இருக்கிறது, சொல்லின் கடைசியில் வந்தால் வருமான வரி, வாகன வரி, காபன் வரி என்ற வரிசையில் போய் நின்றுவிடும்.

'கோடு' சரிவராது. கோட்டு வரைபு என்று வேறொன்று இருக்கிறது, அகலமும் இல்லை.

இனி 'வெப்பமா, சூடா' என்பது. 'சூடு' பேச்சுச் சொல், கலைச்சொல்லுக்கு ஆகாது என்று சென்னை ஐயா எழுதியிருக்கிறார். ஐயா, எங்கள் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு ஒருமுறை வாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஒரு வாளி அள்ளினாலும் பத்து வாளி அள்ளினாலும் அந்தக் கிணற்றுத் தண்ணீரின் சூடு அதே சூடுதான், ஆனால் பத்து வாளியில் இருக்கிற வெப்பம் ஒரு வாளியில் இருப்பதைப்போல் பத்து மடங்கு. இந்தப் படம் காட்டுவது வெப்பத்தின் அளவை அல்ல, வெப்பநிலையை. ஆகவே பேச்சுச் சொல் என்று நாம் தள்ளிவைக்கிற சூடுதான் இங்கே இயற்பியலுக்குக் கிட்ட நிற்கிறது. பிள்ளைகளுக்கு விளக்கும்போதும் நான் கன்னியாவைத்தான் சொல்கிறேன்: ஆண்டுக்கு ஒரு கிணறு வெட்டி வரிசையாக வைத்தது மாதிரி என்று.

மிச்சச் சொல்லைத் தந்தவர் திருக்கடலூரில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியப்பா. படத்தைக் காட்டிப் போனைக் கொடுத்தேன், பன் புல்லில் பின்னுகிற பன்பாயோ என்று கேட்டார். ஒவ்வொன்றும் ஒரு வருசம் என்று மட்டும் சொன்னேன். விரலை இடப்பக்கம் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனவர், நீலம் வெளிறிச் சிவப்புத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, "இஞ்ச இருந்துதான் சூடேறுது" என்றார். நான் 'சூடு' என்ற சொல்லையே எடுக்கவில்லை, அதைக் கவனியுங்கள்.

'சூடேற்றப் பட்டை' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது சூடேற்றுகிற கருவி மாதிரி, இடுப்பு நோவுக்குக் கட்டுவது மாதிரிக் கேட்கிறது. 'சூடேறு பட்டை' என்றால் தானாக ஏறுவது, ஏறுவெயில் மாதிரி வினைத்தொகை, நடுவில் 'ப்' போடாதீர்கள். பட்டைக்கு அகலம் உண்டு, திருநீற்றுப் பட்டை மாதிரி ஒன்றை அடுத்து ஒன்று வருவதும் உண்டு. பட்டை வரைபடத்தோடு குழம்பும் என்ற தமிழ்நாட்டு நண்பர்களின் பயம் நியாயமானதுதான். இங்கே பள்ளிக்கூடப் புத்தகத்தில் அது சலாகை வரைபு, அதனால் எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அங்கேயும் முன்னால் 'சூடேறு' நிற்கும்போது குழப்பம் குறையும் என்றே நினைக்கிறேன்.

> நீல ஆண்டுகள் சூடேறவில்லையே?

உண்மை. ஆனால் பெயர் ஒரு ஆண்டுக்கு அல்ல, முழு வரிசை போகும் திசைக்கு. தனி ஆண்டைப் 'பட்டை' என்றும் முழுப் படத்தைச் 'சூடேறு பட்டைகள்' என்றும் பிரித்துக்கொள்ளலாமா? பார்வையற்றவர்களின் போன் வாசித்துச் சொல்வதற்காகப் படத்தோடு சேர்க்கும் விளக்கத்தில் இந்தப் பிரிப்பு எனக்கு உடனே தேவை. இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "இலங்கையின் சூடேறு பட்டைகள். ஒரு பட்டை ஓர் ஆண்டு. இடப்பக்கம் பெரும்பாலும் நீலம், வலப்பக்கம் போகப் போகச் சிவப்பு."

ஞாயிற்றுக்கிழமை பழைய தலைப்பை எடுத்துவிட்டு இதைப் போடப்போகிறேன். மறுப்பு இருந்தால் அதற்கு முதல் எழுதுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து