நம்ம கல் சங்கத்தின் கதை: பழகியவர்கள் எழுதுங்கள்

காங்கேயத்திலிருந்து:

நம்ம பக்கத்து மணிக்கற்களைப் பார்க்கவும் படிக்கவும் கூடுகிற நம்ம கல் சங்கத்துக்கு எழுதி வைத்த வரலாறு எதுவும் கிடையாது. தொடங்கிய பெரியவர்களில் பலர் இப்போது இல்லை. இருக்கிறவர்கள் ஞாபகத்தில் உள்ளதை எழுதுங்கள், ஒன்றாகத் தொகுத்து வைக்கலாம். நானே ஆரம்பிக்கிறேன்.

தொண்ணூறுகளில் இங்கே ஒரு டீக்கடை முன்னால் காலையில் கல் தரகர்கள் கூடுவார்கள். மடித்த காகிதப் பொட்டலம், சட்டைப் பையில் ஒரு லென்ஸ், சிலரிடம் சின்ன டார்ச். வெள்ளகோவில், சின்னதாராபுரம், தென்னிலைப் பக்கத்துக் காடுகளில் உழும்போதோ, மழை கழுவிய பிறகோ கிடைத்த கற்களை விவசாயிகள் கொண்டு வருவார்கள். நோட்டம் பார்த்து விலை பேசுவதோடு சரி. எந்தக் காட்டில் கிடைத்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் பதில் வராது.

அந்தக் கூட்டத்துக்கு ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார் ஒருவர் வருவார். வாங்க மாட்டார், விற்க மாட்டார், பார்ப்பதற்கு மட்டும் கேட்பார். அவர் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட ஆரம்பித்ததுதான் இன்றைய சங்கம். பட்டறைக்காரர்கள், தரகர்கள், காட்டுக்காரர்கள், பள்ளிக்கூடப் பையன்கள் எல்லோரும் ஒரே பாயில் உட்காருவோம்.

அவர் சொன்னதில் முதலில் மனசில் ஏறியது படியூர். காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகிற சாலையில் நாம் தினமும் கடக்கிற ஊர். அங்கே கிடைத்த நீலப்பச்சை பெரில் கற்களுக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலேயர்கள் சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள். அதற்கும் முன்னால், கி.பி. முதல் நூற்றாண்டில், பெரில் இந்தியாவைத் தவிர வேறெங்கும் அரிதாகவே கிடைக்கிறது என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதி வைத்தார். வெள்ளலூரிலும் கரூரிலும் ரோமானியக் காசுகள் கிடைத்ததை இதோடு சேர்த்து வாத்தியார் விளக்கிய அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சிவன்மலைக்கும் எங்களைக் கூட்டிப் போனார். முருகனைக் கும்பிட்டு, பக்தர் கனவில் முருகன் சொன்ன பொருளை வைக்கிற ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் அப்போது என்ன வைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, அடிவாரத்தில் உட்கார்ந்தோம். இந்த மலையின் சையனைட் (syenite) என்ற வகைப் பாறைகளையும் அவற்றிலுள்ள குருந்தத்தையும் பற்றி ஹாலந்து என்ற புவியியலாளர் 1901இல் தனியாக ஒரு ஆய்வே வெளியிட்டிருக்கிறார் என்று அங்கேதான் சொன்னார். மாணிக்கமும் நீலமும் அந்தக் குருந்த வகைதான். கடினத்தில் வைரத்துக்கு அடுத்தது.

சின்னதாராபுரம் பக்கத்திலிருந்து:

அண்ணா, நானும் எழுதுகிறேன். எங்கள் அப்புச்சி மேட்டாங்காட்டில் பொறுக்கிய கற்களை ஒரு போசியில் போட்டு அட்டாலியில் வைத்திருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு ஒரு தரகர் வந்து, "எல்லாம் வெங்கச்சங்கல்தானுங்க, மொத்தமா ஒரு விலை போட்டுக் குடுத்துருங்க" என்றார். வெங்கச்சங்கல் என்றால் எங்கும் கிடைக்கிற சாதாரண வெள்ளைப் படிகக் கல். அம்மா கொடுக்கவே தயாராகிவிட்டார். நான்தான் போசியோடு சங்கத்துக்கு வந்தேன். ஞாபகம் இருக்கிறதா?

வாத்தியார் ஐயா ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். படிகக் கல்லும் ஆறு பட்டை, பெரிலும் ஆறு பட்டை. ஆனால் படிகத்தின் பட்டைகளில் கோடுகள் குறுக்கே ஓடும், நுனி கூராக முடியும். பெரிலில் கோடு இருந்தால் நெடுக ஓடும், நுனி பெரும்பாலும் வெட்டி விட்டது போலத் தட்டையாக இருக்கும். பாதிக்கு மேல் வெங்கச்சங்கல்தான், தரகர் சொன்னது அந்த அளவுக்கு உண்மை. இரண்டு மூன்று ஊதா நிறச் செவ்வந்திக் கற்கள் இருந்தன. அடியில் ஒரு பெரில், விரல் மொத்தம்.

செவ்வந்திக் கல்லை வெயில் படுகிற அலமாரியில் வைக்காதீங்க அம்மணி, நாளாக நாளாக நிறம் வெளுத்துப் போகும் என்றார். அப்புறம் எங்கள் காட்டின் பெயர், ஓடைக்கு எந்தப் பக்கம், அப்புச்சி எடுத்தது ஏர் ஓட்டும்போதா, கிணறு வெட்டும்போதா என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். அதுவரை எங்கள் காட்டைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதில்லை. பெரிலை நாங்கள் விற்கவில்லை.

கரூரிலிருந்து:

நான் பட்டறைக்காரன். எங்கள் ஐயன் காலத்தில் குருந்தத் தூளையும் அரக்கையும் கலந்து வார்த்த வட்டுதான் சாணை. ஒரு கையால் கயிறு கட்டிய வில்லை இழுத்து வட்டைச் சுற்றிக்கொண்டே மறுகையால் கல்லைப் பிடிக்க வேண்டும். மோட்டாரும் வைரத்தூள் தட்டும் வந்த பிறகு வேகம் கூடியது. கல்லைப் படிக்கிற பொறுமை பலரிடம் குறைந்தது.

சந்திரகாந்தக் கல்லைச் சொல்கிறேன். உள்ளே ஓடும் அந்த வெள்ளை நீல ஒளி, இரண்டு வகை ஃபெல்ட்ஸ்பார் கனிமம் மெல்லிய அடுக்குகளாக மாறி மாறி இருப்பதால் வருவது. கல்லின் அடிப்பாகம் அந்த அடுக்குக்கு இணையாக அமைந்தால்தான் ஒளி நடுவில் வந்து நிற்கும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒளி ஓரத்துக்கு ஓடிவிடும், சாயச் சாய மங்கும். அதனால் அறுப்பதற்கு முன்னால் கல்லை நனைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறி போட வேண்டும். இந்தக் கல் இரண்டு திசையில் சுலபமாகப் பிளக்கும். குச்சியில் அரக்கு வைத்து ஒட்டும்போது சூட்டை மெதுவாக ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் கையிலேயே விரிசல் விடும். இதை நான் சங்கத்தில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாலைகள்தான் என் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து தொகுப்பில் சேருங்கள். படிகம், செவ்வந்தி, அகேட் எதையும் தண்ணீர் இல்லாமல் சாணையில் வைக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் குணமாகாது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் தீட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் இதற்குப் பலியாகியிருக்கிறார்கள். முகத்தில் துணி கட்டினால் போதும் என்கிற பேச்சை நம்பவே கூடாது.

திருப்பூரிலிருந்து:

நான் சங்கத்துக்கு வந்தது பிந்தித்தான். வரவழைத்தது கொடுமணல். நொய்யல் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கிற ஊர். "கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்" என்று பதிற்றுப்பத்தில் வருகிற கொடுமணம் இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. பெரில், நீலம், படிகம், செவ்வந்தி, சிவப்புக் கல்லான சூதுபவளம், அகேட் என்று மணிகள் கிடைத்தன. முடிந்த மணியோடு, தட்டி உருவாக்கியது, தேய்த்தது, துளை போடாமல் விட்டது என எல்லாக் கட்டத்திலும் கிடைத்ததால்தான் அங்கே பட்டறைகள் இருந்தது தெரிந்தது. ஒரே ஈமக்குழியில் 2,220 சூதுபவள மணிகள் இருந்தன. பெரிலும் நீலமும் நம்ம சுற்றுவட்டாரம். சூதுபவளத்துக்கு மூலம் குஜராத் பக்கம்.

மழைக்குப் பிறகு அந்தக் காடுகளில் மணி பொறுக்கி விற்கிற பழக்கம் அப்போது இருந்தது. அதை நம்ம உறுப்பினர்கள் வாங்கக் கூடாது என்று சங்கத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. "நாம வாங்கலைன்னா வெளியூர்க்காரன் வாங்குவான்" என்றார் ஒரு மூத்த தரகர். அது லேசான வாதம் இல்லை, அவருக்கு அது பிழைப்பு. வாத்தியார் ஐயா கரூர் அண்ணனைக் கூப்பிட்டு, "உங்க பட்டறையில கீழே விழுந்த சில்லை எல்லாம் ஒருத்தன் கூட்டி அள்ளிட்டுப் போயிட்டா, அங்க என்ன வேலை நடந்ததுன்னு பின்னால வர்றவனுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டார். தரகர் ரொம்ப நேரம் பேசவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வந்தவர், தன்னிடம் இருந்த மணிகளைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்க யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்தார். நான் சங்கத்தில் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

காங்கேயத்திலிருந்து:

வாத்தியார் ஐயாவின் நோட்டுகள் அவர் மகள் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன, படம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். பல பக்கங்களில் காட்டின் பெயர் இருக்கிறது, ஊர் இல்லை; சிலவற்றில் காட்டுக்காரர் பெயர் மட்டும். வெள்ளகோவில், தென்னிலை, க.பரமத்திப் பக்கத்துப் பெரியவர்களிடம் காட்டி அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஊர்களில் சொந்தம் இருக்கிறவர்கள் சொல்லுங்கள், நான் பக்கங்களை அனுப்புகிறேன். கரூர் அண்ணா, தூசி பற்றி நீங்கள் எழுதியது முதல் பக்கத்திலேயே வரும்.