பீங்கான் பேக்டரி முதலாளி வில்லியம் வுடால் 1884ல பெண்களுக்கு ஓட்டு கேட்டது ஏன்?

கடலைமிட்டாய்:
எல்லாருக்கும் வணக்கம். காலேஜ்ல பெண்கள் ஓட்டுரிமை பத்தி செமினார் எடுக்கணும். இங்கிலாந்து கதைய படிச்சிட்டு இருந்தப்ப வில்லியம் வுடால்னு ஒரு எம்.பி. பேரு வந்துச்சு, 1884ல பெண்களுக்கும் ஓட்டு குடுங்கன்னு பார்லிமெண்ட்ல திருத்தம் கொண்டு வந்தவராம். யாருன்னு தேடிப் பாத்தா இங்கிலாந்துல பீங்கான் தொழிலுக்குப் பேர் போன பர்ஸ்லம் ஊர்ல பீங்கான் பேக்டரி நடத்துனவர். சூளை, மண்ணு, கரிப்புகைன்னு கெடந்த மனுஷனுக்கு இதுல எப்படி இவ்ளோ அக்கறை வந்துச்சு? அப்புறம் அது ஏன் தோத்துச்சு? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்.

பழையபேப்பர்:
தோத்த கதைய முதல்ல சொல்லிடுறேன், எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல அதுல. 1884ல கிளாட்ஸ்டன் பிரதமர், கிராமத்துல இருக்கிற விவசாயக் கூலிங்களுக்கும் ஓட்டு தர்ற மசோதா ஓடிக்கிட்டு இருக்கு, சுமார் 20 லட்சம் ஆம்பளைங்க புதுசா லிஸ்ட்ல சேரப் போறாங்க. வுடாலும் கிளாட்ஸ்டனோட லிபரல் கட்சிதான். அவர் கேட்டது ரொம்ப சின்னதா தெரியும், ஓட்டுச் சட்டத்துல ஆண்பால்ல இருக்கிற சொல்லு எல்லாம் பெண்களையும் சேத்துதான் குறிக்கும்னு ஒரு வரி போடுங்க, அவ்ளோதான். கிளாட்ஸ்டன் எந்திரிச்சு, இந்தக் கப்பல் தாங்குற அளவுக்கு சரக்கு ஏத்தியாச்சு, இதுக்கு மேல வேணாங்கிற மாதிரி பேசிட்டார். அப்புறம் என்ன, எதிரா 271, ஆதரவா 135னு விழுந்துருச்சு. எதிர்த்து ஓட்டு போட்டவங்கள்ல 104 பேரு பெண்கள் ஓட்டுக்கு ஆதரவுன்னு ஏற்கனவே சொன்ன லிபரல்காரங்க! கொள்கை பிடிக்காம இல்ல, தலைவர் கண் காட்டுனதும் மாறிட்டாங்க. இத கண்டிப்பா செமினார்ல சொல்லுங்க.

மண்வாசம்:
நான் டைல்ஸ் கம்பெனில க்ளேஸ் (மேல போடுற பளபளப்பு பூச்சு) செக்‌ஷன்ல பன்னெண்டு வருஷம் வேலை பாத்தவன், அதனால பேக்டரி பக்கத்துல இருந்து சொல்றேன். வுடால் 1832ல ஷ்ரூஸ்பரில பொறந்தவர், ஜேம்ஸ் மேக்கின்டயர் கம்பெனில சேந்தார், 1862ல முதலாளி பொண்ணு ஈவ்லினையே கல்யாணம் பண்ணார், மாமனாருக்கு அப்புறம் கம்பெனி இவர் கைக்கு வந்துச்சு. பேக்டரி பேரு வாஷிங்டன் ஒர்க்ஸ். பின்னாடி 1897ல வில்லியம் மூர்கிராஃப்ட்னு ஒரு டிசைனர் சேந்து ஃப்ளோரியன்னு பூ வேலைப்பாடு போட்ட ஜாடி வகை கொண்டு வந்தது இந்தக் கம்பெனிலதான். அந்த வேலை எப்படின்னா, கூழா கரைச்ச களிமண்ண மெல்லிய மூக்கு வச்ச பையில ஊத்தி, மருதாணி கோன் பிடிக்கிற மாதிரி பிடிச்சு, ஜாடி மேல பூ, தண்டு, இலையோட ஓரத்த மட்டும் ஒரே சீரா பிதுக்கிக்கிட்டே போகணும். கை நடுங்குனா கோடு தடிச்சிரும், நின்னா முடிச்சு விழும். அந்தக் கோட்டுக்கு நடுவுலதான் கலர் நிக்கும். இந்த வேலைய செஞ்சது எல்லாம் பொண்ணுங்கதான். அதுக்கு முன்னாடியும் அந்த ஊர் பீங்கான் பட்டறைங்கள்ல பெயிண்டிங், டிசைன் ஒட்டுறதுன்னு பாதி வேலை பொம்பளைங்க கையிலதான் ஓடுச்சு. தினமும் அத பாக்குற மனுஷனுக்கு, இவங்களுக்கு ஓட்டு போடத் தெரியாதுன்னு எவனாவது சொன்னா எப்படி ஏறும்? இது என் கணிப்புதான், ஆனா நான் நம்புறேன்.

இன்னொன்னு, அவரு படிப்புக்கு செஞ்சது. பச்சை மண் ஒட்டுன அச்ச தூக்கிக்கிட்டு காய வைக்கிற சூட்டு ரூமுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல நாள் பூரா ஓடுற வேலை அங்க சின்னப் பசங்களுக்குத்தான். சின்னப் பசங்க வேலைய கட்டுப்படுத்துற பேக்டரிச் சட்டம் பீங்கான் தொழிலுக்கு வந்ததே 1864லதான். இவர் 1870ல இருந்து 1880 வரைக்கும் பர்ஸ்லம் ஸ்கூல் போர்டு (ஊர்ப் பள்ளிக்கூடங்கள பாத்துக்கிற குழு) சேர்மன், அப்புறம் தொழிற்கல்வி பத்தி விசாரிக்க அரசு போட்ட ராயல் கமிஷன்ல மெம்பர்.

பழையபேப்பர்:
வெட்ஜ்வுட் இன்ஸ்டிட்யூட்ட விட்டுட்டீங்களே மண்வாசம். பர்ஸ்லம்ல தொழிலாளிங்க படிக்க ஊரே பணம் போட்டு கட்டுனது, சுவர் பூரா சுட்ட மண் சிற்பம், பன்னெண்டு மாசத்துக்கும் ஒவ்வொன்னு, பீங்கான் செய்யற வேலை எல்லாமும் செதுக்கி வச்சிருக்காங்க. வுடால் அதுக்கும் சேர்மனா இருந்தார். 1863ல அதுக்கு அடிக்கல் நாட்டுனது யாரு தெரியுமா, இதே கிளாட்ஸ்டன்தான், அப்ப நிதியமைச்சர்.

ஊர்க்குருவி:
எல்லாம் சரி, ஆனா முழுசா புகழ்றதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லணும். 1880கள்ல வந்த பெண் ஓட்டு மசோதாக்கள் கல்யாணம் ஆகாதவங்க, விதவைங்களுக்குத்தான் கேட்டுச்சு, புருஷன் இருக்கிற பொம்பளைய விட்டுட்டாங்க. அந்தக் கோவத்துலதான் 1889ல எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட், எலிசபெத் வோல்ஸ்டன்ஹோம் எல்மி மாதிரி பெண் ஓட்டுக்குப் போராடுனவங்க எல்லாம் தனியா விமன்ஸ் ஃப்ரான்ச்சைஸ் லீக்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. பாதி கிடைச்சாலும் முதல்ல வாங்கிடலாம்னு நெனச்சவங்கள நான் தப்பு சொல்ல மாட்டேன், ஆனா வெளிய நிறுத்தப்பட்டவங்களுக்கு அது வலிச்சிருக்கும் இல்லையா, அதையும் சேத்து சொல்லுங்க.

கடலைமிட்டாய்:
ரொம்ப நன்றி அண்ணா, எல்லாருக்கும். ஊர்க்குருவி சொன்னத கடைசி ஸ்லைடா வைக்கிறேன். வுடால் 1900 வரைக்கும் எம்.பி.யா இருந்துட்டு 1901ல செத்துட்டார், அங்க பெண்களுக்கு முதல்ல பார்லிமெண்ட் ஓட்டு குடுத்த 1918 சட்டத்த பாக்கவே இல்லங்கிறது கஷ்டமா இருக்கு. அந்த 104 பேரு கணக்க போர்டுல எழுதப் போறேன். அவங்க சொன்ன சொல்லுல நின்னிருந்தா 135ம் 104ம் சேந்து 239, எதிர்ல 167தான்.

பழையபேப்பர்:
அதேதான். தேதியும் போடுங்க, 1884 ஜூன் 12.