ஷ்-பூம் பி பக்கப் பாட்டு என்று இளக்காரம் பேசுபவர்களுக்கு

ஊசிமுனை:
நேற்று கனடாப் பாட்டுக் குழுக்கள் பற்றிய இழையில் ஸ்கார்பரோ ரசிகன் எழுதியது இது: "ஷ்-பூம் பாட்டைக் காப்பாற்றியது க்ரூ-கட்ஸ். கார்ட்ஸ் அதை பி பக்கத்தில்தான் போட்டார்கள், அவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை." பி பக்கம் என்றால் இசைத்தட்டின் பின்பக்கம், கம்பெனி பெரிதாக எதிர்பார்க்காத பக்கம். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அங்கே பதில் போட்டால் நாலு பேர் கைதட்டி மூடிவிடுவார்கள், அதனால்தான் இந்தத் தனி இழை.

கார்ட்ஸ் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக் கறுப்பினப் பையன்கள். க்ரூ-கட்ஸ் அதே பாட்டைப் பிறகு பாடிய கனடா வெள்ளையர் குழு. 1954-ல் அட்லாண்டிக் என்ற தட்டுக் கம்பெனி, கேட் என்ற தன் துணைக் கம்பெனி பெயரில் அவர்களைப் பதிவு செய்தது. அப்போது வெள்ளையினப் பாடகி பேட்டி பேஜ் பாடி எங்கும் ஓடிக்கொண்டிருந்த பாட்டு 'கிராஸ் ஓவர் தி பிரிட்ஜ்'. அதை ஒரு கறுப்பினக் குழு பாடினால் விற்கும் என்று கம்பெனி கணக்குப் போட்டு ஏ பக்கத்தில் வைத்தது. பையன்கள் சொந்தமாக எழுதிய ஷ்-பூம் பின்பக்கம் போனது. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தீர்மானிக்கிற இடத்திலா அவர்கள் இருந்தார்கள்? முதல் தட்டு வெளியிடும் ஐந்து பையன்களிடம் யார் கேட்கப்போகிறார்கள்? கார்ல் ஃபீஸ்டர் பாடுவதையும், நடுவில் சாம் டெய்லர் சாக்ஸபோனில் உள்ளே புகுவதையும் கேட்டுவிட்டு "நம்பிக்கை இல்லை" என்று எழுத எப்படி மனம் வருகிறது?

ஸ்கார்பரோ ரசிகன்:
அண்ணை, இவ்வளவு நீளமாக எழுதியும் நான் சொன்னதைத்தான் திரும்பச் சொல்லியிருக்கிறீர்கள். பி பக்கம் பி பக்கம்தான். 1954 ஆகஸ்டில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது க்ரூ-கட்ஸ் பாடியது. நாலு பேரும் டொராண்டோ செயின்ட் மைக்கேல்ஸ் கொயர் பள்ளியில் படித்தவர்கள், சுருதி பிசகாமல் பாடப் பழகியவர்கள். நான் இந்த நகரத்தில் இருக்கிறேன், அவர்களைப் பற்றிப் பெருமையாகக் கதைப்பேன். அதற்கு உங்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஊசிமுனை:
பெருமையாகப் பேசுங்கள், யார் தடுத்தது. பொய்யைச் சேர்த்துப் பேசாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். க்ரூ-கட்ஸ் தட்டு வருவதற்கு முன்பே கார்ட்ஸ் தட்டு கடைகளில் போய்க்கொண்டிருந்தது. ரேடியோக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டு பின்பக்கத்தை ஒலிபரப்பினார்கள். கறுப்பினத்தவர் இசைக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் இரண்டாம் இடம், பொதுவான பாப் பட்டியலில் முதல் பத்துக்குள். இதைப் பார்த்த பிறகுதான் மெர்க்குரி கம்பெனி டேவிட் கரோல் இசைக்குழுவை உட்காரவைத்து உங்கள் நாலு பேரைப் பாடவைத்தது. ஓடிக்கொண்டிருந்த பாட்டை எதிலிருந்து காப்பாற்றினார்கள்? அந்தத் தட்டில் டிம்பனி என்ற பெரிய முரசு 'பூம்' என்று இடிக்கிற இடத்தைக் கேளுங்கள், ஏதோ பள்ளி ஆண்டுவிழா மாதிரி இருக்கிறது. சாம் டெய்லர் சாக்ஸபோன் இருந்த இடத்தில் டிம்பனி!

ஸ்கார்பரோ ரசிகன்:
திருப்பிப் போட்டார்கள் என்றால் முதலில் பின்பக்கம்தானே இருந்தது. நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நன்றி.

ஊசிமுனை:
எதை ஒப்புக்கொண்டேன்? பின்பக்கத்தில் இருந்ததை நான் எங்கே மறுத்தேன்? "அவர்களுக்கே நம்பிக்கை இல்லை" என்றீர்களே, அதற்கு ஆதாரம் எங்கே? அதற்குப் பதில் சொல்லாமல் பி பக்கம், பி பக்கம் என்று கீறல் விழுந்த தட்டாகவே இருக்கிறீர்கள்.

பழையதட்டு:
ஒரு தகவல். பாட்டு பிடித்துக்கொண்டதும் கேட் கம்பெனி அதே எண்ணில் மறுபடி அச்சடித்தது. அதில் 'கிராஸ் ஓவர் தி பிரிட்ஜ்' இல்லை, மறுபக்கம் 'லிட்டில் மெய்டன்'. முதல் அச்சு வேண்டும் என்று தேடுகிறவர்கள் லேபிளைப் பார்த்து வாங்கவும். என்னிடம் இரண்டும் இருக்கின்றன. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டில் கேட்டவர்களுக்குத்தான் அந்தப் பாட்டின் கனம் தெரியும். 45-ல் கேட்டுவிட்டு வாதாடுவதில் பொருள் இல்லை.

ஊசிமுனை:
பாருங்கள்! கம்பெனியே ஏ பக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டது. பேட்டி பேஜ் பாட்டு போனது, பையன்களின் பாட்டு நின்றது. பி பக்கக் கதை இதோடு முடிந்தது.

பழையதட்டு, தகவலுக்கு நன்றி. ஆனால் 'முதல் அச்சு' பற்றி நீங்கள் பாடம் எடுப்பதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. போன முறை தட்டுப் பரிமாற்றத்தில் 'எர்த் ஏஞ்சல்' மூல அச்சு என்று சொல்லி நீங்கள் எனக்கு அனுப்பியது பல வருடம் கழித்து அடித்த மறுஅச்சு. லேபிளைச் சுற்றி இருக்கிற வழவழப்பான வளையத்தில் கீறியிருக்கும் எண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அதை இன்னும் மறக்கவில்லை.

பழையதட்டு:
அந்தத் தட்டை நான் வாங்கியபோது என்னிடம் சொன்னதை அப்படியே உங்களிடம் சொன்னேன். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்று சொன்னது நீங்கள். இத்தனை நாள் கழித்து எல்லோர் முன்னாலும் எடுத்துப்போடுகிறீர்கள். 78 பற்றி நான் சொன்னதற்குப் பதில் வரவில்லை.

மேல்ஸ்தாயி:
நீங்கள் யாருமே குரலைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே. டூ-வாப் என்ற இந்தக் குழுப்பாட்டு வகை என்றால் குரல்தான். 1948-ல் பால்டிமோரிலிருந்து வந்த ஓரியோல்ஸ் 'இட்ஸ் டூ சூன் டு நோ' பாடியபோது சன்னி டில் எவ்வளவு மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் விடமாட்டேன் என்பதுபோல இழுத்துப் பாடுகிறார்! 1951-ல் டாமினோஸ் குழுவின் 'சிக்ஸ்டி மினிட் மேன்' பாட்டில் கீழ்க்குரல் பில் பிரவுன்தான் கதாநாயகன். அதே குழுவில் இருந்த கிளைட் மெக்ஃபாட்டர் 1953-ல் டிரிஃப்டர்ஸ் தொடங்கி 'மனி ஹனி' பாடினார், தேவாலயத்தில் பாடிப் பழகிய தொண்டை என்று முதல் வரியிலேயே தெரியும். இதையெல்லாம் விட்டுவிட்டு எந்தப் பக்கம் என்று அடித்துக்கொள்கிறீர்கள்.

பக்கம் பற்றித்தான் பேச வேண்டும் என்றால் 'இன் தி ஸ்டில் ஆஃப் தி நைட்' எந்தப் பக்கத்தில் இருந்தது என்று ரசிகன் சொல்லட்டும். 1956-ல் நியூஹேவன் நகரத்தில் செயின்ட் பெர்னடெட் தேவாலயத்தின் அடித்தளத்தில் ஃபைவ் சாட்டின்ஸ் பதிவு செய்தது. முன்பக்கம் 'தி ஜோன்ஸ் கேர்ள்'. அந்தப் பெண்ணை இன்று யாருக்குத் தெரியும்? எழுதிப் பாடிய ஃபிரெட் பாரிஸ், பாட்டு ஓடிய நேரத்தில் ராணுவத்தில், ஜப்பானில் இருந்தார். பின்பக்கம் என்பதால் நம்பிக்கை இல்லாமல் பாடினார் என்று அந்தக் குரலைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஊசிமுனை:
அருமை. இன்னும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெங்குவின்ஸ் பாடிய 'எர்த் ஏஞ்சல்' 1954-ல் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு வீட்டுக் கார் கொட்டகையில் பதிவானது. டூட்டோன் லேபிள்காரர் டூட்ஸி வில்லியம்ஸ் நம்பியது 'ஹே செனோரிட்டா' பக்கத்தை. மக்கள் திருப்பிக் கேட்டார்கள், ஆர் அண்ட் பி-யில் முதலிடம். அப்புறம் ராக் அண்ட் ரோல் பாடகர் பில் ஹேலி. 'ராக் அரவுண்ட் தி கிளாக்' 1954 ஏப்ரல் 12-ல் நியூயார்க் பித்தியன் டெம்பிளில் பதிவானது. நேரத்தில் பெரும்பகுதி 'தர்ட்டீன் விமன்' பாட்டுக்கே போய்விட்டது, ஏனென்றால் அதுதான் ஏ பக்கம். மிச்ச நேரத்தில் அவசரமாக எடுத்தது பின்பக்கம். அந்த அவசரத்தில் டேனி செட்ரோன் வாசித்த கிட்டார் துண்டை இன்றைக்கும் உட்கார்ந்து பழகுகிறார்கள். அதற்கு அவருக்குக் கிடைத்த கூலி 21 டாலர். இரண்டு மாதத்தில் படியில் விழுந்து இறந்துபோனார், பாட்டு அடைந்த உயரத்தைப் பார்க்கவே இல்லை. 1955-ல் 'பிளாக்போர்டு ஜங்கிள்' படத்தில் போட்ட பிறகு எட்டு வாரம் முதலிடம். ரசிகன், ஹேலிக்கும் நம்பிக்கை இல்லையா?

ஸ்கார்பரோ ரசிகன்:
எதற்கு இவ்வளவு பட்டியல்? 'எர்த் ஏஞ்சல்' என்று நீங்களே எடுத்ததால் சொல்கிறேன், அதையும் க்ரூ-கட்ஸ் பாடினார்கள். பாப் பட்டியலில் அவர்கள் மூன்றாவது, பெங்குவின்ஸ் எட்டாவது. மக்கள் எதை வாங்கினார்கள் என்று தெரிகிறதா? 1957-ல் 'லிட்டில் டார்லின்' பாடிய டயமண்ட்ஸும் டொராண்டோதான், இரண்டாம் இடம் வரை போனது. அதை எழுதிய மாரிஸ் வில்லியம்ஸுக்கு அதனால்தான் பாட்டெழுதியவருக்கான பணப் பங்கு கிடைத்தது. நாங்கள் பாடியதால் மற்றவர்கள் வாழ்ந்தார்கள் என்பதை ஏன் சொல்ல வாய் வரவில்லை?

ஊசிமுனை:
"நாங்கள்" என்கிறீர்கள். நீங்கள் எப்போது அந்தக் குழுவில் சேர்ந்தீர்கள்?

மக்கள் எதை வாங்கினார்கள் என்று கேட்கிறவர் எது கடையில் கிடைத்தது, எது ரேடியோவில் போட்டார்கள் என்றும் கேட்க வேண்டும். டூட்டோன் ஒரு ஆள் நடத்திய சின்னக் கம்பெனி, மெர்க்குரி நாடு முழுக்க விநியோகம் வைத்திருந்த கம்பெனி. வெள்ளையர் ரேடியோ நிலையங்கள் பலவற்றில் கறுப்பர் தட்டைத் தொடவே மாட்டார்கள், அதே பாட்டை வெள்ளையர் பாடினால் காலை முதல் மாலை வரை போடுவார்கள். அப்படி இருந்தும் பெங்குவின்ஸ் எட்டாவது இடம் பிடித்தார்கள். அதுதான் அதிசயம்.

கறுப்பினப் பாடகி லவெர்ன் பேக்கர் விஷயத்துக்கு வாருங்கள். 'ட்வீடில் டீ' அவர் அட்லாண்டிக்கில் பாடியது. வெள்ளையினப் பாடகி ஜார்ஜியா கிப்ஸ் அதே இசையமைப்பை அச்சு அசலாக எடுத்து மெர்க்குரியில் பாடினார். பேக்கர் 14-வது இடத்தோடு நின்றார், கிப்ஸ் இரண்டாம் இடத்துக்குப் போனார். அந்தக் காலச் சட்டத்தில் பாட்டுக்கும் வரிக்கும்தான் காப்பு, இசையமைப்புக்குக் காப்பு இல்லை. பொறுக்கமுடியாமல் பேக்கர் 1955-ல் சார்ல்ஸ் டிக்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினரிடம் போய், 1909-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தை மாற்றுங்கள் என்று முறையிட்டார். நடக்கவில்லை. உங்கள் க்ரூ-கட்ஸும் அதே மெர்க்குரிதான். பாடினவர்கள் நல்ல பையன்களாகவே இருக்கட்டும். பாட்டைக் காப்பாற்றினார்கள் என்று மட்டும் என் காதில் விழும்படி சொல்லாதீர்கள்.

ஸ்கார்பரோ ரசிகன்:
மெர்க்குரி அப்படிக் கெட்ட கம்பெனி என்றால் பெங்குவின்ஸ் ஏன் டூட்டோனை விட்டு மெர்க்குரிக்கே ஓடினார்கள்? உங்கள் சாட்சியே எங்கள் பக்கம் வந்துவிட்டது.

ஊசிமுனை:
போய் என்ன கண்டார்கள்? மேனேஜர் பக் ராம், பெங்குவின்ஸ் வேண்டுமென்றால் என்னுடைய இன்னொரு குழுவான பிளாட்டர்ஸையும் சேர்த்து எடு என்று கம்பெனிக்கு நிபந்தனை போட்டார். பிளாட்டர்ஸ் 'ஒன்லி யூ', 'தி கிரேட் பிரிடெண்டர்' என்று மேலே போய்விட்டார்கள், பெங்குவின்ஸுக்கு 'எர்த் ஏஞ்சல்' அளவுக்கு இன்னொரு பாட்டு அமையவே இல்லை. கார்ட்ஸுக்கும் அப்படித்தான். வேறொரு குழு அதே பெயரை வைத்திருந்ததால், பாட்டு ஓடும்போதே கார்ட்கேட்ஸ் என்று பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. பெயரே பறிபோன குழுவை, நம்பிக்கை இல்லாதவர்கள் என்று எழுதுகிறார் ஒருவர்.

மேல்ஸ்தாயி:
பிளாட்டர்ஸ் பற்றி இப்படிப் போகிற போக்கில் சொல்லக்கூடாது. டோனி வில்லியம்ஸ் குரலுக்கு நிகரான உச்சஸ்தாயி அந்தப் பத்தாண்டில் எத்தனை பேருக்கு இருந்தது? அவர்கள் மேலே போனது பக் ராம் தந்திரத்தால் மட்டும் இல்லை.

ஊசிமுனை:
நான் டோனி வில்லியம்ஸைக் குறை சொல்லவில்லை. பிளாட்டர்ஸ் தட்டுகளில் வயலின் கூட்டம் அதிகம், எனக்கு அது ஒத்துவராது. கார்கொட்டகையில் பதிவான அந்த நாலு குரலும் பியானோவும் போதும். அதற்குமேல் போனால் அது வேறு இசை.

மேல்ஸ்தாயி:
வயலின் இருந்தால் வேறு இசையா? 1959-ல் டிரிஃப்டர்ஸ் 'தேர் கோஸ் மை பேபி' தட்டில் வயலின்தான் பாதி, அதையும் தள்ளிவிடுவீர்களா? பென் ஈ. கிங் பாடியதையா?

ஊசிமுனை:
அந்தக் காலத்து டிரிஃப்டர்ஸில் மெக்ஃபாட்டர் காலத்து ஆட்கள் யாருமே இல்லை, மேனேஜர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு புது ஆட்களைப் போட்டார். எனக்கு அது டிரிஃப்டர்ஸே இல்லை.

நெறியாளர்:
தனிப்பட்ட தட்டுப் பரிமாற்றச் சண்டையைத் தனிமடலில் வைத்துக்கொள்ளவும். ஷ்-பூம் பற்றி மட்டும் எழுதவும்.

பழையதட்டு:
ஷ்-பூம் பற்றித்தான் எழுதுகிறேன். 78 சுற்றில் அந்த சாக்ஸபோன் வேறு மாதிரி ஒலிக்கிறது. யாருக்காவது சந்தேகம் இருந்தால் பதிவு செய்து போடுகிறேன். தனிமடலும் அனுப்பியிருக்கிறேன், ஊசிமுனை திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஸ்கார்பரோ ரசிகன்:
நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. முதலில் அச்சடித்த தட்டில் ஷ்-பூம் எந்தப் பக்கம்? ஒரு சொல்லில் பதில் சொல்லுங்கள் அண்ணை. நாளைக்கு டயமண்ட்ஸ் பற்றித் தனி இழை போடுகிறேன், அங்கேயும் வந்து நீளமாக எழுதுங்கள்.

ஊசிமுனை:
வருகிறேன். மாரிஸ் வில்லியம்ஸின் கிளாடியோலாஸ் குழு 'லிட்டில் டார்லின்' பாடிய மூலத் தட்டைக் கேட்டுவிட்டு இழையைத் தொடங்குங்கள், எக்ஸெல்லோ லேபிள். அதே மாரிஸ் வில்லியம்ஸ் 1960-ல் ஜோடியாக்ஸ் குழுவோடு 'ஸ்டே' பாடி, இரண்டு நிமிடம்கூட ஓடாத பாட்டை முதலிடத்துக்குக் கொண்டுபோனவர், டொராண்டோவிலிருந்து யாரும் வந்து தூக்கிவிடவில்லை. "அவர்களுக்கே நம்பிக்கை இல்லை" என்ற வரியைப் பழைய இழையிலிருந்து எடுக்கும்வரை நான் இதை விடப்போவதில்லை. தனிமடலைப் பார்த்துவிட்டேன், பழையதட்டு, பணம் வேண்டாம், மூல அச்சை அனுப்புங்கள்.