புதுப்பிப்பு: சேலம் கடைகளில் பொங்கி வழிந்த கொம்புச்சா பாட்டில்கள்

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஏற்காட்டில் நாங்கள் தயாரிக்கும் இஞ்சி கொம்புச்சா (நொதிக்கவைத்த தேநீர் பானம்) மலையில் நன்றாக இருக்கிறது, சேலம் கடைக்குப் போனதும் மூடியைத் திறந்தால் பொங்குகிறதே என்று கேட்டிருந்தேன்.

சர்க்கரையைக் குறைத்துப் பார்த்தோம். புளிப்புதான் தூக்கலானது, பொங்குவது நிற்கவில்லை. கைகொடுத்தது பெங்களூரு பீர் ஆலையில் வேலை பார்க்கும் அண்ணன் சொன்ன வழி. பாட்டிலுக்குள் நொதிக்க விடாமல், கலனிலேயே 2 டிகிரிக்குக் குளிரவைத்தோம். நொதிக்கவைக்கும் ஈஸ்ட் பழுப்பு வண்டலாக அடியில் படிந்து, மேலே தேன் நிறத்தில் தெளிந்து நின்றது. அதை மட்டும் வடித்து, கெக்கில் (அழுத்தம் தாங்கும் உலோகப் பீப்பாயில்) கார்பன் டை ஆக்சைடு ஏற்றி பாட்டிலில் அடைத்தோம். குளிர்ச்சி இருந்தால்தான் வாயு நன்றாகக் கரையும். சூடேறுவதற்குள் மூடிவிட வேண்டும்.

எதிர்பாராத நல்லது ஒன்று: பாட்டிலில் நொதிப்பு இல்லாததால் ஆய்வகச் சோதனையில் ஆல்கஹாலும் 0.5 சதவீதத்துக்குள் வந்துவிட்டது. அதைத் தாண்டினால் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிப்படி மதுபானக் கணக்கு. பொங்குவதைவிட இந்தக் கவலைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ராத்திரி ஃபிரிட்ஜை அணைத்துவிடும் கடைகளில் மட்டும் மிச்சமுள்ள ஈஸ்ட் மறுபடி வேலை செய்து லேசாகப் பொங்குகிறது. அங்கே இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரக்கு போடுகிறோம்.