எக்ஸ்டி கார்டில் 2008ஆம் ஆண்டுப் படங்கள், எடுக்க வழி உண்டா?

வணக்கம். திருகோணமலை, உப்புவெளியில் இருக்கிறேன். ஒலிம்பஸ் எஃப்ஈ-115 கமரா, 512 எம்பி எக்ஸ்டி கார்ட் (பழைய வகை மெமரி கார்ட்). 2008இல் கோணேசர் கோயிலடியில் அம்மாவை எடுத்த படங்கள் அதற்குள்தான். ஃபிளாஷில் முகம் வெளிறி, பின்னால் கடல் இருண்டு கிடக்கும். இப்போது பிள்ளைகள் போனில் ஃபில்டர் போட்டு வரவழைக்கும் அதே தோற்றம். எனக்கு அந்த அசல்தான் வேண்டும், அம்மா இப்போது இல்லை.

பற்றரியைக் கழற்றாமல் வைத்தது என் பிழை. கசிந்து முனைகள் பச்சை பிடித்துவிட்டன. வினாகிரியால் துடைத்தும் கமரா உயிர் பெறவில்லை. டவுனில் மூன்று கடை ஏறினேன், எல்லாமே எஸ்டி கார்டைப் படிக்கும் ரீடர். எக்ஸ்டி 2002இல் வந்த வேறு வடிவம், அதில் நுழையாது. போன மாதம் ஒருவரின் பழைய ரீடரில் போட்டால் ‘ஃபோர்மட் செய்யவா’ என்று கேட்டது. படங்கள் அழிந்துவிடும் என்று பயந்து உடனே கழற்றிவிட்டேன்.

ஃபோர்மட் செய்யாமல் இந்தப் படங்களை எடுத்துத் தரக்கூடியவர் திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ யார்?