மகாதமனி வீக்கத்துக்கு அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்?

பாலக்கோட்டான்:
பெரியப்பாவுக்குக் கிட்னி கல் என்று தர்மபுரியில் ஸ்கேன் எடுக்கப் போய், வயிற்று மகாதமனி (இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய்) 5.6 சென்டிமீட்டர் வீங்கியிருப்பது தெரிந்தது. தொடை வழியாக ஸ்டென்ட், அதாவது ரத்தக்குழாய்க்குள் விரியும் ஒரு குழாய், வைக்கச் சொல்கிறார்கள். அவரோ "எங்க தாத்தா காலத்துல இதுக்கு யாரு ஆபரேஷன் பண்ணாங்க" என்று ஒரே பிடியாக நிற்கிறார். வைத்தியம் டாக்டர் பார்த்துக்கொள்வார், எனக்கு வரலாறுதான் வேண்டும்.

ஓடிநர்ஸ்_கிருஷ்ணகிரி:
தாத்தா காலத்தில் ரத்தக்குழாயை நூலால் இறுக்கிக் கட்டினார்கள், அவ்வளவுதான். 1817இல் லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் மகாதமனியையே கட்டினார், நோயாளி 40 மணி நேரம்தான் இருந்தார். கட்டினால் காலுக்கு ரத்தம் எப்படிப் போகும்? 1923இல் நியூ ஆர்லியன்ஸில் ருடால்ஃப் மாடஸ் கட்டியவர் பிழைத்தார், பிறகு இறந்தது காசநோயால். வீக்கத்துக்குள் கம்பியைச் சுருள் சுருளாக விட்டு ரத்தத்தை உறையவைத்துப் பார்த்தவர்களும் உண்டு. 1948இல் ஐன்ஸ்டீனுக்கு ருடால்ஃப் நிஸன் செலோஃபேன் தாளைச் சுற்றி வைத்தார். 1955இல் அந்த வீக்கம் வெடித்தபோது ஆபரேஷன் வந்திருந்தது, ஐன்ஸ்டீன்தான் வேண்டாம் என்றுவிட்டார். பெரியப்பா காதில் இதைப் போட்டுவிடாதீர்கள்.

மருத்துவமாணவன்:
திருப்பம் 1951 மார்ச் 29, பாரிஸ். சார்லஸ் டுபோஸ்ட் வீங்கிய பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, இறந்துபோன ஒருவரின் தமனித் துண்டை அங்கே தைத்தார். ஆனால் அப்படி வைத்த துண்டுகள் நாளாக ஆகக் கெட்டுப்போயின, தேவைக்குக் கிடைக்கவும் இல்லை. அப்புறம்தான் துணி. நாயின் இதயத்துக்குள் கிடந்த பட்டு நூல்மீது வழவழப்பான படலம் படர்ந்திருப்பதைக் கண்ட அறுவை மருத்துவர் ஆர்தர் வூர்ஹீஸ், துணிக் குழாயின் உள்ளேயும் அப்படிப் படரும் என்று நினைத்து, செயற்கைத் துணியில் குழாய் செய்து பார்த்தார். ஹூஸ்டனில் டிபேக்கி என்ற அறுவை மருத்துவர் நைலான் வாங்கப் போய், கடையில் தீர்ந்துவிட்டதால் டேக்ரானை வாங்கிவந்து வீட்டுத் தையல் மெஷினில் தைத்தாராம். டேக்ரான் என்றால் நாம் உடுத்துகிற பாலியெஸ்டர்தான்.

தையல்கடை_காவேரிப்பட்டணம்:
துணி என்றால் ரத்தம் கசியாதா சார்? ஊசி போன ஓட்டையே போதுமே.

ஓடிநர்ஸ்_கிருஷ்ணகிரி:
கசியும். அதனால் பொருத்துமுன் நோயாளியின் ரத்தத்திலேயே ஊறவைத்து உறையவிடுவார்கள், இழைச் சந்துகள் அடைபட்டுவிடும். பின்னால் தையலே இல்லாத குழாயாக நெய்தார்கள், கொலாஜன் என்ற புரதம் பூசியதும் வந்தது.

பாலக்கோட்டான், உங்கள் பெரியப்பாவுக்குச் சொல்வதும் புதுசில்லை. புவனோஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி 1990லேயே தொடை வழியாக ஸ்டென்ட் வைத்துவிட்டார். வயிற்றைத் திறக்க வேண்டாம், ஆனால் ஒழுங்காக ஸ்கேனுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அதை முதலிலேயே சொல்லிவையுங்கள்.